ஒரு இன்டர்பேஸுக்குப் பல கிளாஸ்கள்: ஓடும் நேரத்தில் சரியானதைத் தெரிவது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படித்துவிட்டு, ஊரிலுள்ள சங்கத்துக்கோ ஆலைக்கோ மென்பொருள் எழுதத் தொடங்குகிறவர்கள் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷனை (ஒரு கிளாஸ் தனக்கு வேண்டிய ஒப்ஜெக்டுகளைத் தானே உருவாக்காமல் வெளியிலிருந்து வாங்கிக்கொள்வதை) விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரே இன்டர்பேஸுக்கு இரண்டாவது கிளாஸ் வரும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. அந்த இடத்துக்கான கேள்விகளும் பதில்களும் இவை.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணம். ஒரு கூட்டுறவுச் சங்கம் காலபோகத்திலும் சிறுபோகத்திலும் கமக்காரரிடம் நெல் வாங்குகிறது. தலைமையகம் கிளிநொச்சியில், கிளைகள் முழங்காவிலிலும் ஒட்டுசுட்டானிலும் மாங்குளத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நெல்லுக்கான பணத்தைக் காசாகக் கொடுக்கலாம், வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம், பசளைக் கடனில் கழிக்கலாம். இந்த மூன்றும் ‘கொடுப்பனவு’ என்ற ஒரே இன்டர்பேஸின் மூன்று கிளாஸ்கள். விளக்கம் மைக்ரோசொஃப்ட்டின் டொட்நெட் 8-ஐயும் அதற்குப் பிந்திய பதிப்புகளையும் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. ஜாவாவின் ஸ்பிரிங், பி.எச்.பி.யின் லாராவெல் பற்றிக் கடைசியில் வருகிறது.

இஃப்–எல்ஸ் போட்டு, தேவையான கிளாஸை அங்கேயே ‘நியூ’ செய்தால் என்ன குறை?

மென்பொருள் ஓடும். குறை பிறகு தெரியவரும். கொள்வனவைப் பதிகிற கிளாஸுக்குள் வங்கிக் கிளாஸை ‘நியூ’ செய்தால், அந்த வங்கிக் கிளாஸுக்கு வேண்டிய டேட்டாபேஸ் இணைப்பு, வங்கியின் இரகசியச் சாவி, லொக் எழுதும் கருவி எல்லாவற்றையும் கொள்வனவுக் கிளாஸே தேடிக் கொடுக்க வேண்டிவரும். நெல் நிறுக்கிற கணக்கைச் சோதிக்க விரும்பும்போது வங்கியையும் கூடவே இழுத்துவர வேண்டும். நான்காவது கொடுப்பனவு முறை வந்த அன்று, அதே இஃப்–எல்ஸ் பற்றுச்சீட்டு அச்சிலும் மாதாந்த அறிக்கையிலும் கணக்கு மூடும் பகுதியிலும் எழுதப்பட்டிருப்பது தெரியவரும். மூன்றைத் திருத்தி ஒன்றை விட்டுவிட்டால் கணக்கு இடிக்கும்.

கொன்டெய்னர்தானே எல்லாவற்றையும் உருவாக்கித் தருகிறது? எதைத் தருவது என்பதையும் அதுவே முடிவுசெய்யாதா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இந்தப் பதிலைத்தான் சொல்வோம். கொன்டெய்னரின் வேலை, எந்த இன்டர்பேஸுக்கு எந்தக் கிளாஸ் என்று தொடக்கத்தில் நீங்கள் பதிந்துவைத்ததைப் பார்த்து ஒப்ஜெக்டைக் கட்டித் தருவது. எந்தக் கமக்காரருக்கு எப்படிப் பணம் கொடுப்பது என்பது சங்கத்தின் விதி. அந்த விதி, வாசித்தால் புரிகிற, தனியாகச் சோதிக்கக்கூடிய ஒரு சிறு கிளாஸில் இருக்க வேண்டும்.

தெரிவு எப்போது தெரியவரும் என்று முதலில் கேளுங்கள். மென்பொருள் தொடங்கும்போதே தெரிந்துவிடும் தெரிவுகள் உண்டு: முழங்காவில் கிளையில் பற்றுச்சீட்டு அச்சு இயந்திரம் இருக்கிறது, இன்னொரு கிளையில் இல்லை. அதற்குத் தொடக்கக் கோப்பில் ஒரு இஃப் போதும், இரண்டில் ஒன்றை மட்டும் பதிந்துவிடுங்கள். ஒவ்வொரு ரிக்குவெஸ்ட்டோடும் வருகிற தெரிவுகள் உண்டு: உள்நுழைந்தவர் தமிழில் பார்க்கிறாரா சிங்களத்திலா என்பது போல. இதை ஸ்கோப்டாக (ஒரு ரிக்குவெஸ்ட்டுக்கு ஒரு ஒப்ஜெக்ட் என்று) பதிந்த ஒரு பெக்டரி (ஒப்ஜெக்டை உருவாக்கித் தரும் மெத்தட்) சமாளிக்கும். மூன்றாவது வகை, டேட்டாவின் ஒவ்வொரு வரியோடும் மாறுவது. ஒரே ரிக்குவெஸ்ட்டில் நாற்பது கமக்காரரின் கொடுப்பனவு போகிறது, ஒருவருக்குக் காசு, அடுத்தவருக்கு வங்கி. இங்கே கொன்ஸ்ட்ரக்டரில் ஒரே ஒரு ‘கொடுப்பனவு’ ஒப்ஜெக்டை வாங்கி எதுவும் செய்ய முடியாது, ஏனென்றால் கொன்ஸ்ட்ரக்டர் ஓடும் நேரத்தில் அந்த வரி இன்னும் வாசிக்கப்படவே இல்லை. இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி இந்த மூன்றாவது வகையைப் பற்றியது.

மூன்று கிளாஸையும் பதிந்தேன். எப்போது கேட்டாலும் கடைசியாகப் பதிந்ததே வருகிறது. ஏன்?

டொட்நெட்டின் சொந்தக் கொன்டெய்னர் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே இன்டர்பேஸுக்குப் பல பதிவுகள் இருந்து, நீங்கள் ஒன்றை மட்டும் கேட்டால் கடைசிப் பதிவு வரும். எச்சரிக்கையும் இல்லை, எர்ரரும் இல்லை. முந்திய பதிவுகள் அழிவதில்லை: ‘ஐ-எனியூமரபிள்’ என்று பட்டியலாகக் கேட்டால் மூன்றும் பதிந்த ஒழுங்கில் கிடைக்கும். ‘ட்ரை-அட்’ என்று தொடங்கும் பதிவுகள் வேறு மாதிரி. அந்த இன்டர்பேஸுக்கு ஏற்கெனவே ஒரு பதிவு இருந்தால் அவை பேசாமல் விலகிவிடும். ஒரு லைப்ரரி ‘ட்ரை-அட்’ போட்டிருந்து, நீங்கள் அதற்கு முன்னே பதிந்திருந்தால் உங்களுடையது நிற்கும். பதிவுகளின் வரிகளை இடம் மாற்றியபின் மென்பொருளின் போக்கு மாறினால் முதலில் இங்கே பாருங்கள்.

அப்படியானால் எந்த முறையைப் பரிந்துரைக்கிறீர்கள்?

பட்டியலை வாங்கி அகராதியாக வைத்திருக்கும் ஒரு தெரிவாளர் கிளாஸ். பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே போதும், எந்தக் கொன்டெய்னரிலும் ஓடும்.

‘கொடுப்பனவு’ இன்டர்பேஸில் ‘முறை’ என்று வாசிக்க மட்டுமான ஒரு ப்ரொப்பர்ட்டியைச் சேருங்கள். காசுக் கிளாஸ் ‘காசு’ என்று திருப்பித் தரும், வங்கிக் கிளாஸ் ‘வங்கி’ என்று தரும். மூன்று கிளாஸையும் அதே இன்டர்பேஸின் கீழ் பதியுங்கள். பிறகு ‘கொடுப்பனவுத் தெரிவாளர்’ என்று ஒரு கிளாஸ் எழுதுங்கள். அதன் கொன்ஸ்ட்ரக்டர் கொடுப்பனவுகளின் ஐ-எனியூமரபிளை வாங்கி, ‘டு-டிக்‌ஷனரி’ மூலம் முறையைச் சாவியாக வைத்து அகராதியாக்கும். அதில் ஒரேயொரு மெத்தட்: கமக்காரரின் பதிவைக் கொடுத்தால் உரிய கொடுப்பனவு ஒப்ஜெக்டைத் தரும். கொள்வனவுக் கிளாஸ் இந்தத் தெரிவாளரை மட்டும் கொன்ஸ்ட்ரக்டரில் கேட்கும். காசு, வங்கி, கடன் என்ற மூன்று பெயரும் அதற்குள் எங்கும் வராது.

மெத்தட்டுக்குச் சாவியைக் கொடுக்காமல் கமக்காரரின் பதிவையே கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சங்கத்தின் விதி “அவர் விரும்பிய முறை” என்று எளிமையாக நிற்பதில்லை. “வங்கி கேட்டிருக்கிறார், ஆனால் கணக்கு இலக்கம் இன்னும் சரிபார்க்கப்படவில்லை, ஆகவே காசு” என்பது போன்ற வரிகள் பிறகு வரும். அவை வந்து உட்கார ஓரிடம் வேண்டும், அந்த இடம் தெரிவாளர்தான்.

அகராதியில் இல்லாத சாவி வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதும்போதே முடிவுசெய்யுங்கள். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் “தெரியாவிட்டால் காசு” என்று இயல்பு மதிப்பு வைக்க வேண்டாம். எக்செப்ஷனை எறியுங்கள், அதன் செய்தியில் வந்த சாவியையும் இருக்கிற சாவிகளையும் சேர்த்து எழுதுங்கள். “கீ நொட் பவுண்ட்” என்ற மொட்டைச் செய்தியை வைத்துக்கொண்டு ஒட்டுசுட்டான் கிளையிலிருந்து தொலைபேசியில் பேசுகிறவருக்கு உதவ முடியாது.

இரண்டு கிளாஸ் ஒரே சாவியைச் சொன்னால் ‘டு-டிக்‌ஷனரி’ எக்செப்ஷன் எறியும். நல்லது. ஆனால் அது எறிவது தெரிவாளர் முதன்முறை உருவாகும்போதுதான். சிங்கிள்டனாக (மென்பொருள் முழுவதற்கும் ஒரே ஒப்ஜெக்ட் என்று) பதிந்திருந்தாலும் முதலாவதாக ஒருவர் கேட்கும்வரை ஒப்ஜெக்ட் உருவாவதில்லை. ‘வலிடேட்-ஒன்-பில்ட்’ என்ற தெரிவும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் அது தேவைகள் எல்லாம் பதியப்பட்டிருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறது, கொன்ஸ்ட்ரக்டரை ஓட்டுவதில்லை. ஆகவே மென்பொருள் கட்டப்பட்டவுடன், ரிக்குவெஸ்ட்களை ஏற்கத் தொடங்குமுன், ஒரு ஸ்கோப் திறந்து தெரிவாளரை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் அறுவடை நாளில் வரிசை நிற்கும்போது வெடிக்காமல், நிறுவும்போதே தெரியும்.

சாவியாக எதை வைப்பது? சொல்லா, எண்ணா?

எனியூம் (பெயர் வைத்த எண்களின் பட்டியல்) வையுங்கள். அதன் ஒவ்வொரு பெயருக்கும் எண்ணை நீங்களே எழுதுங்கள்: காசு 1, வங்கி 2, கடன்கழிப்பு 3. எண்ணை எழுதாவிட்டால் கொம்பைலர் பூச்சியத்திலிருந்து வரிசையாகக் கொடுக்கும். ஒருவர் அகரவரிசைப்படி அழகாக அடுக்கினாலோ நடுவில் ஒன்றைச் செருகினாலோ எண்கள் நகர்ந்துவிடும், டேட்டாபேஸில் ஏற்கெனவே கிடக்கிற பழைய எண்கள் வேறு பொருள் கொள்ளும். டொட்நெட்டில் டேட்டாபேஸைக் கையாளும் என்டிட்டி ஃபிரேம்வேர்க் கோர் எனியூமை இயல்பாக எண்ணாகவே சேமிப்பதால் இது உண்மையான ஆபத்து. பூச்சியத்தை ‘தெரிவுசெய்யவில்லை’ என்று ஒதுக்கிவையுங்கள். நிரப்ப மறந்த புலம் தானாகவே பூச்சியமாக நிற்கும், அது ‘காசு’ என்று பொருள்படக் கூடாது.

தமிழ்ச் சொல்லைச் சாவியாக வைக்க வேண்டாம் என்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம். ககரம், எகரக் குறி, கால் என்று பிரித்துச் சேர்ப்பது மற்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. குறியீடு குறியீடாக ஒப்பிடுகிற அகராதிக்கு இரண்டும் வேறு வேறு. ஒரு கிளையில் ஒரு விசைப்பலகையாலும் இன்னொரு கிளையில் வேறொன்றாலும் தட்டிய ‘கொடுப்பனவு’ சந்திக்காமலே போகலாம். தவிர்க்கவே முடியாதென்றால், வாங்கும் இடத்திலேயே என்.எஃப்.சி. (ஒரே குறியீடாகச் சேர்த்தெழுதும்) வடிவத்துக்கு நோர்மலைஸ் செய்து, முன்பின் இடைவெளியை வெட்டிவிடுங்கள்.

பழைய எக்செல் தாள்களில் இன்னொரு சிக்கல். பாமினி எழுத்துருவில் தட்டிய ‘நாடு’, ‘சம்பா’ என்ற நெல் வகைகளின் பெயரெல்லாம் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள். அந்தத் தாளை அப்படியே ஏற்றினால் ஒரு சாவியும் பொருந்தாது. ஏற்றுமுன் யுனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றியபின் எனியூமுக்கு மாற்றும் அட்டவணை ஒன்றைத் தனியாக வையுங்கள்.

டொட்நெட் 8-இல் வந்த கீட் சேர்விஸ் இதையெல்லாம் தானே செய்துவிடாதா?

ஓரளவு செய்யும். 2023 நவம்பரில் வெளிவந்த டொட்நெட் 8 முதல் ‘அட்-கீட்-சிங்கிள்டன்’, ‘அட்-கீட்-ஸ்கோப்ட்’, ‘அட்-கீட்-டிரான்சியன்ட்’ மூலம் பதிவுக்கே ஒரு சாவி கொடுக்கலாம். வாங்கும் இடத்தில் கொன்ஸ்ட்ரக்டரின் பராமீட்டருக்கு மேல் ‘ஃப்ரம்-கீட்-சேர்விசஸ்’ என்ற அட்ரிபியூட்டில் சாவியை எழுதுவீர்கள்.

எல்லாரும் இடறுவது இங்கேதான். அட்ரிபியூட்டில் எழுதும் சாவி கொம்பைல் நேரத்து மாறிலியாக இருக்க வேண்டும். “இந்தக் கிளாஸுக்கு எப்போதும் வங்கிக் கொடுப்பனவு” என்று சொல்ல அது பொருத்தம். கமக்காரரின் பதிவைப் பார்த்துத் தெரிவுசெய்ய உதவாது. அதற்கு ‘கெட்-ரிக்குவயர்ட்-கீட்-சேர்விஸ்’ என்று ப்ரொவைடரிடம் (கொன்டெய்னரிடம் ஒப்ஜெக்ட் கேட்கும் வாசல்) நேரடியாகக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத் தெரிவாளர் கிளாஸுக்குள் மட்டும் வையுங்கள்.

இன்னும் சில இருக்கின்றன. சாவியின் வகை ‘ஒப்ஜெக்ட்’. எனியூமாகப் பதிந்துவிட்டு அதே பெயரைச் சொல்லாகக் கொடுத்துக் கேட்டால் கிடைக்காது, 2 என்று வெறும் எண்ணாகக் கேட்டாலும் கிடைக்காது. சாவியோடு பதிந்தவை சாவியில்லாத ஐ-எனியூமரபிளில் வருவதும் இல்லை. பழைய முறையிலிருந்து பாதி மாறியவர்களின் பட்டியல் திடீரென வெறுமையாவதற்கு இதுதான் காரணம்.

ஓட்டோஃபெக் என்ற வேறொரு கொன்டெய்னரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ‘ஐ-இன்டெக்ஸ்’ என்ற வகை இருக்கிறது. சாவியைக் கொடுத்தால் ஒப்ஜெக்டைத் தரும் அகராதி அது, ப்ரொவைடரைத் தொடவே தேவையில்லை.

ஐ-எனியூமரபிள் கேட்டால் தேவையில்லாதவையும் உருவாகின்றனவே?

ஆம், எல்லாம் உருவாகும். கொன்ஸ்ட்ரக்டர் வெறுமனே தேவைகளை வாங்கி வைத்துக்கொண்டால் மூன்றோ பத்தோ ஒப்ஜெக்ட் உருவாவதில் கவலைப்பட ஒன்றுமில்லை. கொன்ஸ்ட்ரக்டருக்குள் வேலை நடந்தால்தான் தொல்லை. ‘தராசு’ என்ற இன்டர்பேஸை எடுங்கள்: ஒரு கிளாஸ் மின்னணுத் தராசின் சீரியல் போர்ட்டைத் திறக்கிறது, மற்றது கையால் நிறையைத் தட்ட விடுகிறது. போர்ட்டைக் கொன்ஸ்ட்ரக்டரிலேயே திறந்தால், தராசு இணைக்கப்படாத கிளையில் கைத்தட்டு முறையைத் தெரிவுசெய்தவருக்கும் எக்செப்ஷன் வரும்.

சரியான திருத்தம் போர்ட்டைத் திறப்பதைக் கொன்ஸ்ட்ரக்டரிலிருந்து எடுத்து, முதன்முறை நிறுக்கும் மெத்தட்டுக்குள் போடுவது. அது முடியாதபோது மட்டும் கீட் சேர்விஸையோ, ஒப்ஜெக்டுக்குப் பதிலாக ‘ஃபங்க்’ டெலிகேட்டை (அழைக்கும்போது ஒப்ஜெக்டை உருவாக்கித் தரும் மெத்தட்டை) அகராதியில் வைப்பதையோ நாடுங்கள்.

சிங்கிள்டன், ஸ்கோப்ட், டிரான்சியன்ட்: தெரிவாளருக்கு எது?

தெரிவாளரின் ஆயுள் அது வைத்திருக்கும் கிளாஸ்களில் மிகக் குறைந்த ஆயுள் உடையதைவிட நீளக் கூடாது. வங்கிக் கிளாஸ் டீ.பி. கொன்டெக்ஸ்டை (என்டிட்டி ஃபிரேம்வேர்க்கில் டேட்டாபேஸோடு பேசும் ஒப்ஜெக்டை) வாங்குகிறது, அது ஸ்கோப்ட். எனவே வங்கிக் கிளாஸும் ஸ்கோப்ட், தெரிவாளரும் ஸ்கோப்ட்.

மீறினால் என்ன நடக்கும்? சிங்கிள்டன் தெரிவாளர் முதல் தடவை வாங்கிய டீ.பி. கொன்டெக்ஸ்டை மென்பொருள் நிற்கும்வரை பிடித்து வைத்திருக்கும். இரண்டு கிளைகள் ஒரே கணத்தில் கொள்வனவு பதிந்தால், முந்திய வேலை முடியுமுன் அதே கொன்டெக்ஸ்டில் இரண்டாவது வேலை தொடங்கப்பட்டது என்ற எக்செப்ஷன் வரும், ஏனென்றால் டீ.பி. கொன்டெக்ஸ்ட் ஒரே நேரத்தில் பல திரெட்டுகளுக்கு ஏற்றதல்ல. தனியாக இருந்து சோதிக்கும்போது வராது. கிளைகள் எல்லாம் சேர்ந்து வேலை செய்யும் நேரத்தில்தான் வரும். அதைவிடச் சத்தமில்லாத விளைவு: கொன்டெக்ஸ்ட் ஏற்கெனவே வாசித்த பதிவை நினைவில் வைத்திருப்பதால், காலையில் திருத்திய வங்கிக் கணக்கு இலக்கம் மாலையிலும் பழையதாகவே தெரியலாம்.

டெவலப்மென்ட் சூழலில் ‘வலிடேட்-ஸ்கோப்ஸ்’ இயல்பாக இயங்கி இதைப் பிடித்துவிடும், புரொடக்‌ஷனில் இயல்பாக இயங்காது. “என்னுடைய லெப்டொப்பில் எர்ரர், சேர்வரில் ஓடுகிறது” என்று யாராவது சொன்னால், சேர்வரில் பிழை மறைந்து கிடக்கிறது என்று பொருள். புரொடக்‌ஷனிலும் அதை இயக்கிவிடுங்கள்.

டிரான்சியன்ட் (கேட்கும் ஒவ்வொரு முறையும் புதிய ஒப்ஜெக்ட்) பற்றி ஒன்று. ‘டிஸ்போஸ்’ உள்ள ஒரு டிரான்சியன்ட் கிளாஸை எந்த ஸ்கோப்பிலும் சேராத ரூட் ப்ரொவைடரிடம் நேரடியாகக் கேட்டால், கொன்டெய்னர் அதைப் பின்னர் டிஸ்போஸ் செய்வதற்காகப் பிடித்து வைத்திருக்கும். மென்பொருள் நிற்கும்வரை விடாது. ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் ஒன்று கேட்டால் மெமரி ஏறிக்கொண்டே போகும்.

கிளாஸுக்கெல்லாம் ஐ-சேர்விஸ்-ப்ரொவைடரைக் கொடுத்து, வேண்டியதை வேண்டிய இடத்தில் கேட்டால் இலகுதானே?

எழுத இலகு. கொன்ஸ்ட்ரக்டரைப் பார்த்து அந்தக் கிளாஸுக்கு என்ன வேண்டும் என்று சொல்ல முடியாமல் போகும், பதியாத ஒன்று அந்த வரி ஓடும்போதுதான் தெரியும், சோதனைக்குக் கொன்டெய்னரையே கட்ட வேண்டிவரும். ப்ரொவைடரைத் தொடுகிற இடங்கள் இரண்டாக இருக்கட்டும்: தொடக்கக் கோப்பு, தெரிவாளர். (அடுத்த பதிலில் வரும் பின்னணி வேலை மட்டும் விதிவிலக்கு.)

இரவில் ஓடும் பின்னணி வேலையில் தெரிவு பிழைக்கிறது. ஏன்?

பகலில் சேர்த்து வைத்த குறுஞ்செய்திகளையும் வங்கிப் பட்டியலையும் இரவில் அனுப்பும் வேலைக்கு ரிக்குவெஸ்ட் இல்லை. உள்நுழைந்தவர், அவருடைய கிளை, மொழி ஆகியவற்றை ரிக்குவெஸ்ட்டின் விபரங்களைத் தாங்கும் எச்.டி.டி.பி. கொன்டெக்ஸ்டிலிருந்து எடுக்கிற தெரிவாளருக்கு அங்கே ‘நல்’ (வெறுமை) கிடைக்கும். தெரிவுக்கு வேண்டிய விபரத்தை வேலையின் பதிவிலேயே எழுதிவையுங்கள்: கிளை, மொழி, கொடுப்பனவு முறை. தெரிவாளர் அதை மெத்தட்டின் பராமீட்டராக வாங்கட்டும். பகலுக்கும் இரவுக்கும் அதே கிளாஸ் போதும்.

பின்னணி வேலை சிங்கிள்டனாக ஓடுவதால் ஒவ்வொரு தொகுதிக்கும் ‘ஐ-சேர்விஸ்-ஸ்கோப்-பெக்டரி’ மூலம் புதிய ஸ்கோப் திறந்து, அதற்குள் தெரிவாளரை எடுத்து, முடிந்ததும் மூடுங்கள்.

வங்கி பதில் தராவிட்டால் காசுக்கு மாற்றுவது, சிக்னல் இல்லாவிட்டால் குறுஞ்செய்திக்குப் பதில் பற்றுச்சீட்டு: இதுவும் இதே தெரிவுதானா?

இல்லை. இதை ஒன்றாகக் குழைக்கும்போதுதான் பணம் போகிறது. முதலில் எதைப் பயன்படுத்துவது என்பது தெரிவு. அது தோற்றால் என்ன செய்வது என்பது மாற்றுவழி. மாற்றுவழிக்கு அதே இன்டர்பேஸின் இன்னொரு கிளாஸ் எழுதுங்கள். அது இரண்டு அனுப்புநரை (செய்தியை அனுப்பும் கிளாஸ்களை) கொன்ஸ்ட்ரக்டரில் வாங்கி, முதலாவது தோற்றால் இரண்டாவதை அழைக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது சாதாரண அனுப்புநர் மாதிரியே இருக்கும்.

அறிவித்தலுக்கு இது நன்றாக ஓடும். ஒரு செய்தி இரண்டுமுறை போனாலும் கேடில்லை. கொடுப்பனவுக்கு அப்படிச் செய்ய வேண்டாம். வங்கி முப்பது செக்கனில் பதில் தரவில்லை என்றால் பணம் போகவில்லை என்று பொருளல்ல. போயிருக்கலாம், பதில் மட்டும் வழியில் விழுந்திருக்கலாம். அந்த இடத்தில் காசுக்கு மாறினால் ஒரே நெல்லுக்கு இரண்டு தடவை பணம். வங்கிக் கிளாஸ் மூன்று விடைகளைத் திருப்பித் தரட்டும்: முடிந்தது, மறுக்கப்பட்டது, தெரியவில்லை. ‘மறுக்கப்பட்டது’ வந்தால் மட்டும் வேறு வழி. ‘தெரியவில்லை’ வந்தால் கொள்வனவை நிலுவையில் வைத்து, அதே தொடர் இலக்கத்தோடு நிலையைத் திரும்பக் கேளுங்கள். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் மாறாத ஒரு தொடர் இலக்கம் அனுப்புமுன்னரே டேட்டாபேஸில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

குறுஞ்செய்தி அனுப்புநரை மொழிக்கு ஒன்றாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழிலும் சிங்களத்திலும் 70. செய்தி நீண்டு பிரிக்கப்பட்டால் ஒவ்வொரு பகுதிக்கும் 153, 67 என்று குறையும். எண்ணப்படுவது யுனிகோட் குறியீடுகள்: ‘கிளிநொச்சி’ கண்ணுக்கு 5 எழுத்து, கணக்குக்கு 10. தமிழ்ச் செய்தியின் வார்ப்புருவைத் தனியாகச் சுருக்கி எழுதுங்கள். சிங்கள, ஆங்கிலச் செய்தியின் மொழிபெயர்ப்பாக விட்டால் இரண்டு மூன்று பகுதிகளாகப் போய் அத்தனைக்கும் கட்டணம் எடுக்கும்.

விலையும் கழிவும் போகத்துக்குப் போகம் மாறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளாஸா?

எண் மட்டும் மாறினால் கிளாஸ் வேண்டாம், அட்டவணையில் ஒரு வரி போதும். நாட்டுக்கும் சம்பாவுக்கும் கீரிச் சம்பாவுக்கும் விலை வேறு என்பதற்காக மூன்று கிளாஸ் எழுதுவது வீண்வேலை. கணக்கிடும் முறையே மாறும்போது கிளாஸ் எழுதுங்கள். ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் போனால் வாங்குவதில்லை என்பது ஒரு விதி. மேலதிக ஒவ்வொரு சதவீதத்துக்கும் நிறையில் கழிப்பது இன்னொரு விதி. இவை இரண்டு கிளாஸ்.

விதியைத் திகதியால் தெரிவுசெய்யும்போது இரண்டு விடயம். கணக்கிட்ட விதியின் சாவியையும் கொள்வனவு வரியிலேயே எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பற்றுச்சீட்டின் பிரதி கேட்டால் அன்றைய விதியே ஓட வேண்டும். அடுத்து, நேர வலயம். சேர்வர் யூ.டி.சி. நேரத்தில் ஓடினால், இலங்கை நேரம் ஐந்தரை மணித்தியாலம் முந்தி நிற்கிறது. புதிய விதி தொடங்கும் நாளில் விடிய 5.30-க்கு முன் பதிந்த லொறி, சேர்வருக்கு முந்திய நாளில் நிற்கும், பழைய விதி ஓடும். திகதியைத் தெரிவாளருக்குள் ‘நவ்’ என்று எடுக்காமல், டொட்நெட் 8-இன் ‘டைம்-ப்ரொவைடர்’ மூலம் எடுத்து, கொழும்பு வலயத்துக்கு மாற்றியபின் ஒப்பிடுங்கள். சோதனையிலும் நேரத்தை விரும்பியபடி வைக்கலாம்.

கொன்ஃபிக் கோப்பை மாற்றினால், மென்பொருளை நிறுத்தாமல் தெரிவு மாறுமா?

எதை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘ஐ-ஒப்ஷன்ஸ்’ ஒருமுறை வாசித்ததையே வைத்திருக்கும். ‘ஐ-ஒப்ஷன்ஸ்-ஸ்னப்ஷொட்’ ஒவ்வொரு ரிக்குவெஸ்ட்டுக்கும் புதிதாக வாசிக்கும், ஆனால் அது ஸ்கோப்ட் என்பதால் சிங்கிள்டனுக்குள் போகாது. ‘ஐ-ஒப்ஷன்ஸ்-மொனிட்டர்’ எங்கும் போகும், ‘கரன்ட்-வல்யூ’வைக் கேட்கும்போதெல்லாம் அப்போதைய மதிப்பைத் தரும். அதை ஒரு வேலையின் நடுவில் இரண்டுமுறை கேட்காதீர்கள், இடையில் கோப்பு மாறினால் பாதி ஒரு முறையிலும் பாதி மற்ற முறையிலும் ஓடும்.

எதைச் சோதிக்க வேண்டும்?

தெரிவாளரைப் போலிக் கிளாஸ்களோடு, கொன்டெய்னர் இல்லாமல். கூடவே, உண்மையான பதிவுகளோடு கொன்டெய்னரைக் கட்டி, எனியூமின் ஒவ்வொரு மதிப்புக்கும் (பூச்சியம் தவிர) ஒரு கொடுப்பனவு கிடைக்கிறதா என்று சுற்றிப் பார்க்கும் ஒரு சோதனை. எனியூமில் சேர்த்துவிட்டுப் பதிய மறந்தால் அது உடனே சொல்லும்.

இரண்டே வகைதான், இனி அதிகரிக்காது என்றால்?

தெரிவாளர் கிளாஸுக்குள் இரண்டையும் நேரடியாகக் கொன்ஸ்ட்ரக்டரில் வாங்கி, ஒரு ஸ்விட்ச் எழுதுங்கள். அகராதியும் கீட் சேர்விஸும் தேவையில்லை. ஸ்விட்ச் ஒரே இடத்தில் இருக்கும்வரை அதில் ஒரு குறையும் இல்லை.

ஸ்பிரிங்கிலும் லாராவெல்லிலும் எப்படி?

ஸ்பிரிங்கில் ஒரே இன்டர்பேஸுக்கு இரண்டு பீன் (ஸ்பிரிங்கின் கொன்டெய்னர் கட்டி வைத்திருக்கும் ஒப்ஜெக்ட்) இருந்து ஒன்றைக் கேட்டால், டொட்நெட் மாதிரிக் கடைசியைத் தராது. தொடக்கத்திலேயே ‘நோ-யுனிக்-பீன்-டெபினிஷன்’ எக்செப்ஷனோடு நின்றுவிடும். ‘பிரைமரி’, ‘குவாலிஃபயர்’ அனோட்டேஷன்கள் நிலையான தெரிவுக்கு. ஓடும் நேரத் தெரிவுக்கு, சொல்லைச் சாவியாகவும் இன்டர்பேஸை மதிப்பாகவும் கொண்ட ‘மப்’ ஒன்றைக் கொன்ஸ்ட்ரக்டரில் கேளுங்கள், ஸ்பிரிங்கே நிரப்பித் தரும். சாவி, பீனின் பெயர். பெயர் கொடுக்காவிட்டால் கிளாஸ் பெயரின் முதல் எழுத்து சிறிய எழுத்தாகும், ஆனால் கிளாஸ் பெயரின் முதல் இரண்டு எழுத்தும் பெரிய எழுத்தானால் அப்படியே நிற்கும். எஸ்.எம்.எஸ். என்று பெரிய எழுத்தில் தொடங்கும் கிளாஸுக்குச் சாவி கிடைக்காமல் திண்டாடுவது இதனால்தான். கிளாஸ் பெயரை மாற்றினால் சாவியும் மாறிவிடும் என்பதால், பீனுக்குப் பெயரை நீங்களே எழுதுங்கள், அல்லது பட்டியலாக வாங்கி மேலே சொன்ன ‘முறை’ ப்ரொப்பர்ட்டியால் அகராதி கட்டுங்கள். பராமீட்டரின் பெயரைப் பார்த்துப் பீனைப் பொருத்துவதை நம்பியிருந்தால், ஸ்பிரிங் 6.1 முதல் கொம்பைலருக்கு ‘பராமீட்டர்ஸ்’ என்ற தெரிவு கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

லாராவெல்லில் ‘வென்–நீட்ஸ்–கிவ்’ என்ற கட்டு, இந்தக் கிளாஸ் கேட்டால் இதைக் கொடு என்று நிலையாகச் சொல்வதற்கு. வரிக்கு வரி மாறும் தெரிவுக்கு அதன் ‘மனேஜர்’ கிளாஸை நீட்டி எழுதி, ‘டிரைவர்’ மெத்தட்டுக்கு முறையின் பெயரைக் கொடுங்கள். மனேஜர் ஒருமுறை உருவாக்கிய டிரைவரை வைத்திருந்து அதையே திரும்பத் தரும். ஆகவே கமக்காரரின் விபரத்தை டிரைவருக்குள் சேமிக்காமல், ஒவ்வொரு அழைப்பிலும் பராமீட்டராகக் கொடுங்கள்.